ஆய்வேடும் அருளிச்செயல் வ்யாக்யானமும்: எவர் வாக்கு எது என்னும் தெளிவு

பூர்வாசார்யர்கள் திவ்யப்ரபந்தத்திற்கு அருளிச்செய்த வ்யாக்யானங்களை ஆய்பொருளாகக் கொண்டு முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்துகொள்ளும் மாணவர்கள் இன்று தமிழ்த் துறைகளிலும் ஸம்ஸ்க்ருதத் துறைகளிலும் வைணவத் துறைகளிலும் உளர். அவர்களிற் பலர் ஏதேனும் ஒரு கட்டத்தில் கோயில் வீடுகளைத் தேடி வருகின்றனர். அச்சிட்ட ஈட்டை விரித்துவைத்து, "ஸ்வாமி, இவ்விடத்தில் ஜீயர் என்றது யாரை?" என்று கேட்பவர்கள் ஒரு வகையினர். எழுதி முடித்த ஏட்டைக் கொணர்ந்து, "அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும், ஒருமுறை கடாக்ஷித்துத் தரவேண்டும்" என்று விண்ணப்பிப்பவர்கள் மற்றொரு வகையினர். முதல் வகையினர்க்கு உதவுதல் எளிது. இரண்டாம் வகையினர்க்கு உதவுதல் பெரும்பாலும் இயலாததாகிவிடுகிறது. அடித்தளத்தில் செய்யவேண்டியதைக் கோபுரம் எழும்பிய பின் செய்ய இயலாதன்றோ!

அடியேன் பல்கலைக்கழகத்தில் பயின்றவனல்லன். பாட்டனாரிடமும் திருத்தகப்பனாரிடமும் க்ருஹத்திலேயே காலக்ஷேபம் கேட்டவன். பட்டம் பெறும் முறைகளை வகுத்துரைப்பதற்குரியவர் பல்கலைக்கழகத்தாரே. ஆயினும் வ்யாக்யானத்தைப் பற்றிய ஆய்வேடு ஒன்று எவ்வாறு அமைந்தால் வ்யாக்யானத்திற்கு நியாயம் செய்ததாகும் என்பதை, வ்யாக்யானங்களோடு பழகியவர்கள் கூறலாம். சுருங்கச் சொல்லின், இவ்வகை ஆய்வேட்டின் உயிர்நிலை ஒன்றே. ஏட்டிலுள்ள ஒவ்வொரு வாக்யமும் யாருடைய வாக்யம் என்பது படிப்பவர்க்கு ஐயமற விளங்கவேண்டும். ஆழ்வாரின் வாக்கு, வ்யாக்யாதாவின் வாக்கு, அவர் எடுத்துக்காட்டும் ஆசார்யரின் நிர்வாஹம், அரும்பதவுரைகாரரின் விளக்கம், பிற்காலத்தார் செய்த தமிழாக்கம், ஆய்வாளர் தாமே கண்ட கருத்து என்னும் ஆறும் தனித்தனியே நிற்கவேண்டும். இவை கலந்துவிடுமாயின் ஏடு எத்துணைப் பக்கம் பெருகினும் பயனில்லை.

பூர்வர்கள் காட்டிய நெறி

இத்தெளிவு மேனாட்டுக் கல்விமுறை நமக்குப் புதிதாகக் கொணர்ந்த நிபந்தனை என்று எண்ணுவாருளர். நம் ஸம்ப்ரதாய வரலாற்றை நோக்குவார்க்கு அவ்வெண்ணம் நில்லாது.

நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுத்துத் தரும்படி வரதராஜர் என்னும் சிஷ்யரிடம் கொடுத்தருளினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் மிக்கு, ஓலைச்சுவடி நீரில் போயிற்று. ஆசார்யரிடம் கேட்டிருந்தவற்றை நினைவிற்கொண்டு அவர் முழுவதையும் மீண்டும் எழுதினார். எழுதுங்கால் சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சேர்த்தார். சுவடியைக் கண்ட நஞ்சீயர், தாம் அருளியதினும் மிக்க பொருள்கள் இருப்பதை உணர்ந்து வினவ, அவர் நிகழ்ந்ததை உள்ளபடி விண்ணப்பம் செய்தார். நஞ்சீயர் உகந்து அவரைத் தழுவி, நம்பிள்ளை என்று திருநாமம் சாற்றினார். இவ்வரலாற்றை நினைவாற்றலின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லுகிறோம். ஆய்வாளர்க்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. எது ஆசார்யருடையது, எது சிஷ்யருடையது என்று பிரித்தறிய அங்கே நஞ்சீயர் தாமே எழுந்தருளியிருந்தார். இன்று ஆய்வேட்டைப் படிப்பவர் நஞ்சீயரைக் கேட்க இயலாது. நம்பிள்ளையையும் கேட்க இயலாது. ஆகையால் அந்த வேறுபாட்டை ஏடே சொல்லவேண்டும்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாள மாமுனிகள் அக்குறையைத் தீர்த்தருளினார். தீர்க்கும்போது முழு நூலுக்கும் தாமே புதிதாக உரை வரையவில்லை. இழந்த பகுதிக்கு மட்டும் அருளிச்செய்து, பிள்ளையின் திருவாக்குக் கிடைக்கும் இடம் வந்தவாறே தம் எழுத்தாணியை நிறுத்தினார். தமக்கு முன்னோரின் வாக்கு நிற்கும் எல்லையைக் கண்டு அங்கே ஒதுங்கி நிற்றல் என்பது இதுவே.

அவரே ஈட்டிற்குப் ப்ரமாணத்திரட்டும் அருளிச்செய்தார். ஈட்டில் ஆங்காங்கே எடுக்கப்படும் ச்ருதி, ஸ்ம்ருதி, இதிஹாஸ, புராண வசனங்கள் எந்நூலில் எவ்விடத்தில் உள்ளன என்று தேடித் தொகுத்த பணி அது. திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈடு காலக்ஷேபம் ஸாதித்த மஹாசார்யர், மேற்கோள்களின் ஆகரம் தேடும் பணியைச் சிறிதென்று ஒதுக்கவில்லை. அடிக்குறிப்பு எழுதுவதைச் சுமையாகக் கருதும் மாணவர், தாம் மாமுனிகளின் பணியில் ஒரு துளியைச் செய்கிறோம் என்று எண்ணுவாராயின் அதன் கனம் குறையும்.

பொருளை அளவுபடுத்தல்

இனி, ஆய்வேட்டைத் தொடங்கும் முறை. மாணவர்கள் கொணரும் தலைப்புகளில் பெருங்குறை அகலமே. "திருவாய்மொழி வ்யாக்யானங்கள்: ஓர் ஆய்வு" என்று தலைப்பிட்டவர் எதனை ஏற்றுக்கொண்டார் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளையின் ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆகிய ஐந்தும் சேர்ந்து, பெயரளவிலேயே 87,000 படி. ஒரு படி 32 எழுத்துக்கள் கொண்ட க்ரந்தம். ஆக 27,84,000 எழுத்துக்கள். இவற்றின்மேல் அரும்பதவுரைகள் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்விற்குக் குறைந்த காலம் 3 ஆண்டு, மிக்க காலம் 6 ஆண்டு என்று வகுத்துள்ளன; மறுபதிவின்மேல் மேலும் 2 ஆண்டு கிடைக்கலாம். அக்காலத்தில் பாடநெறித் தேர்வுகளும் அடங்கும். இவ்வளவு கடலை அவ்வளவு நாளில் நீந்துவதாகச் சொல்பவர், கரையில் நின்று நுரையை அள்ளி வருவார்.

திருவாய்மொழியில் 100 பதிகங்கள். பன்னிரு நாமப் பாட்டுக்கு 13 பாசுரங்கள், மற்றைய 99 பதிகங்களுக்கும் பதினொன்று பதினொன்றாக, மொத்தம் 1,102 பாசுரங்கள். இவற்றில் ஒரே பதிகத்தை எடுத்துக்கொண்டு, அதன் பாசுரங்களுக்கு ஐந்து வ்யாக்யாதாக்களும் அருளியவற்றை ஒருங்கே வைத்து, எவ்விடத்தில் ஒத்துச் செல்கின்றனர், எவ்விடத்தில் ஒருவர் புதியதோர் அவதாரிகையை இடுகின்றனர், எவ்விடத்தில் முன்னவர் நிர்வாஹத்தைப் பின்னவர் மொழிந்து விலக்குகின்றனர் என்று காட்டினால், அதுவே ஓர் ஆய்வேட்டிற்குப் போதும். ஒரே வ்யாக்யாதாவை எடுத்துக்கொள்ளுதலும் நன்றே. ஜான் கார்மன், வசுதா நாராயணன் ஆகிய இருவரும் பிள்ளானின் ஆறாயிரப்படியை மையமாகக் கொண்டு எழுதிய ஆங்கில நூல் 1989இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. ஐந்தனுள் மிகச் சிறியதாகிய வ்யாக்யானத்திற்கே இரண்டு அறிஞர்கள் சேர்ந்து ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது என்பதைத் தலைப்பிடும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாடமும் பதிப்பும்

தலைப்பு அமைந்தபின் செய்யவேண்டுவது பாடத்தை உறுதிசெய்தல். எந்தப் பதிப்பைக் கொண்டு எழுதுகிறோம் என்பதை முதல் இயலிலேயே சொல்லவேண்டும். சே. கிருஷ்ணமாசாரியர் திருவல்லிக்கேணியிலிருந்து வெளியிட்ட பகவத்விஷயப் பதிப்பும், புத்தூர் க்ருஷ்ணஸ்வாமி அய்யங்கார் திருச்சியிலிருந்து வெளியிட்ட பதிப்பும் ஆய்வாளர் கையில் இருக்கவேண்டியவை. இரண்டிலும் ஒரே இடத்தைப் பார்த்து, வேறுபாடு காணுமிடத்தில் அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்ட பு.ரா. புருஷோத்தம நாயுடு அவர்களின் ஈட்டின் தமிழாக்கம் மணிப்ரவாளம் பயிலாதார்க்குப் பெருந்துணை. அவ்வுபகாரத்தை மறுப்பாரில்லை. ஆயினும் அதிலுள்ள வாக்யங்கள் நாயுடு அவர்களின் தமிழ். நம்பிள்ளையின் திருவாக்கு அவற்றின் பின்னே உள்ளது. தமிழாக்கத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, "நம்பிள்ளை இவ்வாறு கூறுகிறார்" என்று மேற்கோட்குறியிட்டு, அச்சொற்களின் அமைப்பைக் கொண்டு நம்பிள்ளையின் நடையை ஆராயும் ஏடுகள் உண்டு. நடையாராய்ச்சி அங்கே வேறொருவருடைய நடையை ஆராய்ந்து முடிகிறது. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியாரின் திவ்யார்த்த தீபிகைக்கும் இது பொருந்தும். அது வ்யாக்யானங்களின் ஸாரத்தைத் திரட்டித் தருவது. வ்யாக்யானத்தின் இடத்தில் அதனை வைத்தல் தகாது.

அச்சுப் பதிப்புகளில் ஐயம் தோன்றினால் சுவடியைப் பார்க்கவேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சை ஸரஸ்வதி மஹால், அடையாறு நூலகம், உ.வே. சாமிநாதையர் நூலகம் ஆகியவற்றின் சுவடி அட்டவணைகளைப் புரட்டுதல் ஆய்வாளரின் கடமை. ஓலையில் புள்ளியில்லை, எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வடிவில் வேறுபாடில்லை, காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். வடசொற்கள் க்ரந்த எழுத்திலும் தமிழ்ச்சொற்கள் தமிழெழுத்திலும் ஒரே வரியில் கலந்து வரும். இவற்றைப் படிக்கப் பழகுதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களை முதலாண்டிலேயே ஒதுக்கவேண்டும். ஏட்டைக் கட்டுமானம் செய்யக் கொடுக்கும் ஆண்டில் அதற்கு நேரமிராது.

பெயர் மயக்கம்

வ்யாக்யாதாக்கள் ஆசார்யர்களைச் சுருங்கிய திருநாமங்களால் குறிப்பர். கேட்டிருந்த கோஷ்டியார்க்கு அது போதியதாயிருந்தது. இன்று அதுவே வழுக்குமிடம். ஈட்டில் ஜீயர் என்றால் நஞ்சீயர். மாமுனிகளுக்குப் பிற்பட்ட நூல்களில் ஜீயர் என்றும் பெரிய ஜீயர் என்றும் வருவது மாமுனிகள். ஆண்டான் என்பது முதலியாண்டானோ திருமலையாண்டானோ என்பதை இடம் நோக்கித் தெளியவேண்டும். நம்பி என்று மட்டும் இருப்பின் பெரிய நம்பி, திருமலை நம்பி, திருக்கோட்டியூர் நம்பி என மூவரை நினைக்க இடமுண்டு. மறுபுறம் எம்பெருமானார், உடையவர், பாஷ்யகாரர் என்று வருமிடமெல்லாம் ஒருவரே.

அழகிய மணவாளர் என்னும் திருநாமம் இன்னும் இடர்தருவது. திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி அருளியவர் வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயர். திருவாய்மொழியின் திருவுள்ளக் கருத்தை ஆசார்யஹ்ருதயமாக அருளியவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். அவ்வாசார்யஹ்ருதயத்திற்கு வ்யாக்யானம் அருளியவர் அழகிய மணவாள மாமுனிகள். மூவரும் திருவாய்மொழியோடு தொடர்புடையவர்களாகையால், ஒருவர் கருத்தை மற்றொருவர்மேல் ஏற்றிச் சொல்லுதல் எளிதில் நேர்கிறது. ஒரு தலைமுறை முன்னோரைப் பின்னோராக்கினால், யார் கருத்து யாரிடம் வளர்ந்தது என்னும் ஆய்வு முழுவதும் தலைகீழாகும். ஆகையால் ஏட்டின் தொடக்கத்திலேயே ஆசார்யர்களின் திருநாமம், மறுபெயர், பரம்பரையில் அவர்க்குரிய இடம், அருளிய நூல்கள் ஆகியவற்றை ஓர் அட்டவணையாக இட்டு, ஏடு முழுவதும் ஒருவரை ஒரே திருநாமத்தால் குறித்தல் நலம்.

நூலாசிரியர் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். ஈடு நம்பிள்ளை ஸாதித்த காலக்ஷேபம். பகலில் கேட்டு இரவில் ஏடுபடுத்தியவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. நம்பிள்ளை அதனை வாங்கித் தம்மிடம் வைத்திருந்து, பின்பு ஈயுண்ணி மாதவரிடம் அளித்தருளினார். அங்கிருந்து ஒருவர்பின் ஒருவராகக் கைம்மாறி, திருவாய்மொழிப் பிள்ளையை அடைந்து, அவர் வழியாக மாமுனிகளை எய்தியது. இவ்வரலாற்றை உபதேசரத்தினமாலை சொல்லுகிறது. நூலகப் பட்டியலில் ஒரு பெயருக்கே இடமிருக்கலாம். ஆய்வேட்டில் உரைத்தவர், எழுதியவர், காத்தவர் என்னும் மூன்று நிலைகளையும் ஒரு வாக்யத்திலேனும் சொல்லவேண்டும்.

மேற்கோளும் ஒப்புமை விழுக்காடும்

அண்மைக் காலத்தில் ஆய்வேடுகளைக் கெடுக்கும் ஒரு புதிய அச்சத்தைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டும். மானியக் குழு 2018இல் எழுத்துத் திருட்டைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. மென்பொருளால் ஏட்டைச் சோதிக்கின்றனர். பிற நூல்களோடு ஒப்புமை 10 விழுக்காட்டிற்குள் இருப்பின் தண்டமில்லை. அதற்குமேல் 40 வரையாயின் 6 மாதத்திற்கு மேற்படாத காலத்திற்குள் திருத்திச் சமர்ப்பிக்கவேண்டும். 40க்குமேல் 60 வரையாயின் ஓராண்டு வரை திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கத் தடை. 60க்கு மேலாயின் பதிவே நீக்கப்படும்.

இதைக் கேட்ட மாணவர்கள் சிலர் என்ன செய்கின்றனர் என்னில், வ்யாக்யான வாக்யங்களை உள்ளபடி எழுதினால் விழுக்காடு கூடும் என்று அஞ்சி, அவற்றைத் தம் சொற்களால் மாற்றி எழுதி, மேற்கோட்குறியையும் நீக்கிவிடுகின்றனர். நிர்ஹேதுக க்ருபை என்பது "காரணமற்ற கருணை" ஆகிறது. சேதநனுடைய யோக்யதையை எதிர்பாராமல் எம்பெருமான் தானே பெருகுவிக்கும் க்ருபை என்னும் பொருள் போய், ஏதோ முறையின்றி நிகழ்வது போன்றதொரு தொனி வந்து சேர்கிறது. பாரதந்த்ர்யம் "சுதந்திரமின்மை" ஆகிறது. ஆத்மாவிற்கு ஸ்வரூபமாகவும் உகப்பாகவும் உள்ள ஒன்று, இழப்பைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. வ்யாக்யாதாவின் வாக்கும் மாணவரின் வாக்கும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாகின்றன. திருட்டைத் தடுக்கப் பிறந்த விதி, அஞ்சியவர் கையில் அதனினும் கொடியதற்கு வழிகோலுகிறது. பிறர் சொல்லைத் தம் சொல் என்பது ஒரு குற்றம். தம் சொல்லை ஆசார்யர் சொல் என்பது அதனினும் பெரிய குற்றமன்றோ?

இவ்வச்சத்திற்கு அந்த விதிகளிலேயே இடமில்லை. உரிய முறையில் இன்னாருடையது என்று குறித்து எடுத்த மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை முதலியவற்றை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கவேண்டும் என்று 2018 விதிகளே சொல்லுகின்றன. மாணவர் செய்யவேண்டுவது யாதெனில், வ்யாக்யான வாக்யத்தை மேற்கோட்குறிக்குள் அல்லது தனிப்பத்தியாக உள்தள்ளி இட்டு, பத்து, திருவாய்மொழி, பாசுரம் ஆகிய மூன்றெண்களோடு பதிப்பின் பக்கத்தையும் சேர்த்துக் குறித்தலே. சோதிக்கும் நூலகத்தாரிடம் மேற்கோள்களை விலக்கிக் கணக்கிடும்படி வழிகாட்டியைக் கொண்டு சொல்லச் செய்யவேண்டும். மேற்கோளின் கீழ், "இதன் பொருளாவது" என்று தொடங்கித் தம் விளக்கத்தைத் தம் சொற்களில் எழுதட்டும். பதவுரையும் கருத்துரையும் தனித்தனியே வைக்கும் நம் பழைய மரபும் இதுவே.

கலைச்சொற்களை மொழிபெயர்க்க நேருமிடத்தில், ஒரு சொல்லுக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்று வரையறுத்துப் பின்னிணைப்பில் பட்டியலிட வேண்டும். சேஷத்வம், பாரதந்த்ர்யம், கைங்கர்யம் ஆகிய மூன்றையும் "அடிமை" என்னும் ஒரே சொல்லில் அடக்கியவர், ஸ்ரீவசனபூஷணத்தை ஆராயவே இயலாது.

மாறுபட்ட கருத்தை உரைக்கும் முறை

"ஆசார்யர்கள் சொன்னதையே சொன்னால் ஆய்வு எங்கே? புதிதாகச் சொன்னால் அபசாரமாகாதோ?" என்பது நல்ல குடியிற் பிறந்த மாணவர்களின் மனத்திலுள்ள கலக்கம். இதற்கும் விடை திருவாய்மொழி காலக்ஷேபத்திலேயே உள்ளது.

எம்பெருமானார் திருமலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டு வரும்போது, இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தில் கருத்து வேறுபட்டது. ஆண்டான் அதனை ஆழ்வாரின் ஆற்றாமையாக நிர்வஹித்தார். முன்னும் பின்னுமுள்ள பாசுரங்கள் ப்ரீதியிலே செல்வதால், இதனையும் உபகாரத்தை நினைந்து ஈடுபடும் பாசுரமாகக் கொள்ளவேண்டும் என்று எம்பெருமானார் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் என்று, ஆண்டான் அதனை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, அப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டிருப்பதாகச் சொல்லி, மீண்டும் தொடரச் செய்தார்.

இதில் ஆய்வாளர் கொள்ளத்தக்கவை மூன்று. எம்பெருமானார் புதுப்பொருளுக்குக் காட்டிய ஹேது தம் விருப்பம் அன்று, ப்ரகரணம். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களே அவர்க்குச் சான்று. இது ஒன்று. அக்கருத்தை ஏற்றவர்களும் ஆண்டானின் நிர்வாஹத்தை மறைத்துவிடவில்லை. இரண்டும் இன்றளவும் சொல்லப்படுகின்றன. இது இரண்டு. புதுப்பொருள் என்று தோன்றியது முன்னரே சொல்லப்பட்டிருந்தது; அதனை அறிந்தவரிடம் கேட்கவேண்டியிருந்தது. இது மூன்று. "இதுகாறும் எவரும் கூறாத கருத்து" என்று ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன்பு, மாணவர் ஐந்து வ்யாக்யானங்களையும் அரும்பதங்களையும் ஆசார்யஹ்ருதயத்தையும் பார்த்து, தம் காலத்துத் திருக்கோட்டியூர் நம்பி ஒருவரையாவது கேட்டிருக்கவேண்டும்.

தென்னாசார்ய ஸம்ப்ரதாயம், தேசிக ஸம்ப்ரதாயம் ஆகிய இரண்டையும் தொட்டு எழுதுவோர்க்கு இன்னொன்று. ப்ரபத்தியைப் பற்றி ஸ்ரீவசனபூஷணத்தின் கருத்தை ஸ்ரீவசனபூஷணத்திலிருந்தும், ரஹஸ்யத்ரயஸாரத்தின் கருத்தை ரஹஸ்யத்ரயஸாரத்திலிருந்தும் எடுக்கவேண்டும். ஒருவர் கருத்தை மற்றவர் மறுக்கும் நூலிலிருந்து எடுத்துக்காட்டுதல் எதிர்வாதியின் வாயால் வாதியைப் பேசவைப்பதாகும். பூர்வபக்ஷத்தை அதனைச் சொல்பவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதிய பின்னரே ஸித்தாந்தம் எழுதுதல் நம் வேதாந்த நூல்களின் ஒழுங்கு.

சமர்ப்பணமும் வாய்மொழித் தேர்வும்

ஏடு முற்றுப்பெறும் நிலையில் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் முன்வைப்புரை, ஆய்வுச் சுருக்கம், மாணவரின் உறுதிமொழி, வழிகாட்டியின் சான்று, ஒப்புமைச் சோதனைச் சான்று ஆகியவை வேண்டப்படும். 2022 விதிகளின்படி வழிகாட்டியோடு, அப்பல்கலைக்கழகத்தைச் சாராத புறத்தேர்வாளர் இருவரேனும் மதிப்பிடவேண்டும். இயன்றவிடத்து அவ்விருவருள் ஒருவர் வெளிநாட்டினராதல் வேண்டும். இங்கேயும் மூலவாக்யத்தைக் காட்டுதலின் பயன் தெரியும். மணிப்ரவாளம் கற்ற வெளிநாட்டு அறிஞர், மாணவரின் மொழிபெயர்ப்பை நம்பித் தீர்ப்பளிக்கமாட்டார். மூலம் எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார்.

பக்கவொழுங்கு, எழுத்தளவு, கட்டுமானம் ஆகியவை பல்கலைக்கழகந்தோறும் வேறுபடும். அவற்றைத் தத்தம் பல்கலைக்கழக விதிநூலில் முதலாண்டிலேயே படித்துவைத்தல் வேண்டும். க்ரந்த எழுத்துக்களைக் கணினியில் அமைப்பதும், தமிழெழுத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ முதலியவற்றை எவ்வாறு எழுதுவது என்பதும் முன்னரே முடிவு செய்யப்படவேண்டும். ஒரு பக்கத்தில் வ்யாக்யானம் என்றும் மறுபக்கத்தில் வியாக்கியானம் என்றும் எழுதினால் பொருள் கெடாது, கவனக்குறை வெளிப்படும். மேற்கோளில் மூலத்தின் எழுத்தையும், தம் உரையில் ஒரே வழக்கையும் கொள்வது ஏற்ற முறை. கடைசி மாதத்தில் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. மேற்கோள் ஒவ்வொன்றையும் தட்டச்சுப் படியிலிருந்து வாசிக்க ஒருவர், பதிப்பை விரித்துவைத்து ஒப்பிட மற்றொருவர் என இருவராக உட்கார்ந்து ஒத்துப்பார்த்தல். சுவடி படியெடுத்த காலத்தில் நம் வீடுகளில் செய்த முறை அது. அதற்கிணையான மென்பொருள் இல்லை.

வாய்மொழித் தேர்வை அஞ்சவேண்டியதில்லை. கோஷ்டியில் கேள்வி எழுவதும், ஸாதிப்பவர் ப்ரமாணம் காட்டுவதும் நமக்குப் புதிதன்று. எவர் வாக்கு எது என்று பிரித்து எழுதியவர்க்கு எக்கேள்விக்கும் விடை ஏட்டிலேயே இருக்கும். கலந்து எழுதியவர்க்கு, தாம் எழுதிய வாக்யம் எங்கிருந்து வந்தது என்பது தமக்கே தெரியாது.

பட்டம் அளிப்பதற்கு முன் ஏட்டின் மின்படி இன்ஃப்லிப்நெட் மையத்திற்கு அனுப்பப்படுகிறது. ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் வைக்கப்பட்டு எவரும் எவ்விடத்திலிருந்தும் படிக்கும் நிலையை அடைகிறது. முன்னாளில் ஆய்வேடு துறை நூலகத்து அலமாரியில் துயின்றது. அதன் பிழையும் உடன் துயின்றது. இன்று அடுத்த மாணவர் முதலில் எடுப்பது ஆய்வேட்டையே. ஈட்டைப் பின்னரே எடுக்கிறார், எடுக்காமலும் விடுகிறார். ஒருவர் இட்ட தவறான ஆசார்யப் பெயர், மாற்றி எழுதிய வாக்யம், மூன்று ஏடுகளைக் கடந்தபின் ப்ரமாணமாகிவிடும். அப்போது அதனை மறுப்பவரே சான்று காட்டவேண்டியவராவார்.

ஆகையால் இதழைப் படிக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காலக்ஷேபம் கேட்டவர்கள் எண்ணிக்கையில் குறைந்து வருகின்றனர். ஆய்வு செய்ய வரும் மாணவர் எக்குலத்தவராயினும், எச்சமயத்தவராயினும், பெண்ணாயினும் ஆணாயினும், ஈட்டில் ஒரு பக்கம் படித்துக் காட்டும்படி கேட்டால் படித்துக் காட்டவேண்டும். வீட்டிலுள்ள பழம்பதிப்பையும் சுவடியையும் பார்க்கத் தரவேண்டும். அவர்கள் ஏட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் வந்தால் நாம் செய்யக்கூடியது சிறிது. தலைப்பிடும் ஆண்டிலேயே வருவதற்கு அவர்களுக்கு நம் வீட்டு வாசல் தெரிந்திருக்கவேண்டும்.